சிக் வெப்பின் டிரம்ஸ் பதிவுகளில் ஏன் இப்படி அமுங்கிக் கிடக்கிறது?

ஸ்நேர் சங்கரி:

எல்லோருக்கும் வணக்கம். இருபத்தொன்பது வயதில் டிரம்ஸ் கற்றுக்கொள்ளத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் என் ஆசிரியர் ஒரு தாளில் நான்கு பெயர்களை எழுதிக் கொடுத்து, "இவர்களைக் கேட்டுவிட்டு வா, பிறகு ஸ்விங் பற்றிப் பேசலாம்" என்றார். ஜீன் க்ரூப்பா, ஜோ ஜோன்ஸ், சிட் கேட்லெட், சிக் வெப். நால்வரும் ஸ்விங், அதாவது முப்பதுகளில் அமெரிக்கர்கள் ஆடிய ஜாஸ், வாசித்த டிரம்மர்கள்.

முதல் மூவரிடம் எனக்குத் தகராறு இல்லை. க்ரூப்பா 1937-இல் பென்னி குட்மன் குழுவோடு வாசித்த 'சிங் சிங் சிங்' பதிவில் அந்த டாம்-டாம் தொடங்கியதுமே எங்கள் வீட்டுப் பூனை எழுந்து போய்விட்டது. ஜோ ஜோன்ஸ் ஹை-ஹேட்டை, காலால் மூடித் திறக்கும் அந்த ஜோடிச் சிம்பலை, தொட்டுத் தொட்டு விடுவதும் காதில் விழுகிறது. மாட்டிக்கொண்டது சிக் வெப்பிடம்தான். 1934-இல் பதிவான 'ஸ்டாம்பிங் அட் தி சவாய்' கேட்டேன். டிரம்பெட் தெளிவு, சாக்ஸபோன் தெளிவு. டிரம்ஸ் மட்டும் அடுத்த தெருவில் யாரோ பாய் உதறுவதுபோல் இருக்கிறது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு பாடிய 'எ-டிஸ்கெட், எ-டாஸ்கெட்' கேட்டேன். எல்லாவின் குரலில் சொக்கிப்போனேன். டிரம்ஸ் இருந்ததா என்பதே நினைவில்லை.

ஆனால் எங்கே படித்தாலும் இவர்தான் க்ரூப்பாவை மேடையிலேயே தோற்கடித்தவர், ஸ்விங் டிரம்மர்களுக்கெல்லாம் மூத்தவர் என்று இருக்கிறது. முதுகு வளைந்த, நாலடி உயர மனிதர், இளம் வயதில் இறந்துவிட்டார் என்பதும் சேர்ந்தே வருகிறது. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்: இந்தப் புகழ் வாசிப்புக்குக் கிடைத்ததா, இரக்கத்துக்குக் கிடைத்ததா?

பழைய பெடல்:

சங்கரி அம்மா, சுற்றி வளைக்காமல் கேட்டதற்கு முதலில் நன்றி. வாசிப்புக்குத்தான். இரக்கம் பார்க்கிற இடமல்ல நியூயார்க்கின் கறுப்பர் வட்டாரமான ஹார்லெம். அங்கிருந்த சவாய் நடன அரங்கில் காலப்பிரமாணம் அரை நூல் தொய்ந்தால் ஆடுகிறவர்கள் தளத்தை விட்டு இறங்கி எதிர்மேடைப் பக்கம் போய்விடுவார்கள். அங்கே இரண்டு மேடைகள், இரண்டு குழுக்கள். ஒன்று முடித்த நொடியில் மற்றது தொடங்கும். இரக்கப்பட்டு அங்கே யாரும் கால் தூக்க மாட்டார்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி சொன்னால்தான் நான் எதற்கு இவ்வளவு நீட்டுகிறேன் என்று புரியும். முப்பத்தொரு ஆண்டுகள் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தேன். என் உயரம் நாலடி பத்து அங்குலம். ஆகவே சிக் வெப்பை நான் காதால் மட்டும் கேட்பதில்லை, முட்டியாலும் கேட்கிறேன்.

வில்லியம் ஹென்றி வெப் பால்டிமோரில் பிறந்தவர். சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பில் அடி, முதுகுத்தண்டில் காசநோய், வளர்ச்சி நாலடியும் சொச்சமுமாக நின்றுபோனது. 'சிக்' என்ற பெயரே கோழிக்குஞ்சு என்ற கேலியில் ஒட்டிக்கொண்டதுதான். இறுகிப்போகும் கை கால்களுக்கு நல்லது, டிரம்ஸ் அடிக்கட்டும் என்று ஒரு மருத்துவர் சொன்னாராம். பையன் தெருவில் செய்தித்தாள் விற்றுக் காசு சேர்த்து டிரம்ஸ் வாங்கினான். உல்லாசப் படகுகளில் வாசித்த ஒரு குழுவில் ஜான் ட்ரூஹார்ட் என்ற கித்தார்க்காரர் நண்பரானார். இருவரும் சேர்ந்தே நியூயார்க் போனார்கள். 1926-இல் டியூக் எலிங்டன் என்ற குழுத்தலைவர் ஒரு கிளப்பில் வேலை பிடித்துக் கொடுத்து, "நீயே குழுவை நடத்து" என்று தள்ளிவிட்டார். அதன்பின் சில ஆண்டுகள் வேலை கிடைப்பதும் போவதுமாகப் பட்டினிக் காலம்தான். ஜானி ஹாட்ஜஸ் என்ற சாக்ஸபோன் மேதை இவரிடம் இருந்துவிட்டு 1928-இல் எலிங்டன் குழுவுக்குப் போனார். நல்ல ஆட்களைத் தேடிப் பிடிப்பதும், பெரிய குழுக்கள் அவர்களைத் தூக்கிக்கொண்டு போவதுமாகவே காலம் போயிற்று. முப்பதுகளின் தொடக்கத்தில் சவாய் நிரந்தர இடமானது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவருடைய பேஸ் டிரம், காலால் மிதித்து அடிக்கும் அந்தப் பெரிய டிரம், 28 அங்குல விட்டம். நீங்கள் வகுப்பில் மிதிப்பது பெரும்பாலும் 20 அல்லது 22 இருக்கும். 28 என்றால் தரையிலிருந்து கிட்டத்தட்ட என் இடுப்பு வரை வரும். அவர் உட்கார்ந்தால் பின்னால் ஆள் இருப்பதே தெரியாது என்று கேலி செய்வார்களாம். அதற்காகவே உயர்ந்த மேடை போட்டு நடுவில் உட்கார்ந்தார். மிதிக்கும் பெடல்களை அவர் காலுக்கேற்பத் தனியாகச் செய்துகொடுத்தார்கள். சிம்பல்கள் வாத்துக்கழுத்துபோல் வளைந்த கம்பிகளில் தொங்கின. கையை வெகுதூரம் நீட்ட வேண்டாம். மரக்கட்டைகள், மணி எல்லாம் சக்கரம் வைத்த ஒரே சட்டத்தில் எதிரேயே நின்றன. உடம்பை டிரம்ஸுக்கு வளைக்காமல் டிரம்ஸை உடம்புக்கு வளைத்துக்கொண்ட ஆள் அவர்.

குள்ளமானவர்களுக்கு இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. ஆசனத்தைத் தாழ்த்தினால் பாதம் பெடலில் முழுதாகப் படியும். ஆனால் முட்டிகளுக்கு நடுவே நிற்கும் ஸ்நேர் டிரம் நெஞ்சுக்கு வந்துவிடும், மணிக்கட்டு மேலே தூக்கிக்கொள்ளும். ஆசனத்தை உயர்த்தினால் கை சரியாகும், கால் நுனிவிரலில் தொங்கும். நான் ஆயுள் முழுக்க ஆசனத்தின் விளிம்பில் உட்கார்ந்தே வாசித்தேன். ஒருமுறை திருவிழா மேடை ஒன்றில் பலகைத் தளம், வேகமான பாட்டு, ஒவ்வொரு மிதிக்கும் பேஸ் டிரம் ஒரு விரற்கடை முன்னால் நகர்கிறது. நானும் எட்டி எட்டி மிதித்து விளிம்புக்கும் வெளியே வந்து, பல்லவி திரும்பும் இடத்தில் ஆசனத்தோடு கவிழ்ந்தேன். ஒரு காலை மட்டும் பெடலிலிருந்து எடுக்கவில்லை, அதனால் தாளம் நிற்கவில்லை. கூட்டம் அதையும் வித்தை என்று நினைத்துக் கைதட்டியது. மறுநாளிலிருந்து கயிற்றுத் துண்டு ஒன்று என் பையில் இருந்தது. பேஸ் டிரம்மின் காலையும் ஆசனத்தின் காலையும் சேர்த்துக் கட்டிவிடுவேன்.

இப்படிப்பட்ட ஒருவன் சொல்கிறேன்: முதுகுத்தண்டு நொறுங்கிய மனிதர் 28 அங்குல டிரம்மை இரவு முழுக்க நாலு அடியும் சமமாக மிதித்தார் என்பது சாதாரணச் செய்தியல்ல. பெரிய டிரம்மின் தோல் தாமதமாகப் பேசும். மிதித்த பிறகு ஒலி எழும்பி வர ஒரு கணம் பிடிக்கும். அதைக் கணக்கு வைத்து முன்கூட்டியே மிதிக்க வேண்டும்.

சரி, பதிவில் ஏன் கேட்கவில்லை? அந்தக் காலத்தில் முழுக் குழுவும் ஒன்றிரண்டு மைக்குகளைச் சுற்றி நின்று, மூன்று நிமிடத்தை ஒரே மூச்சில் வாசிக்க, அது நேராக மெழுகுத் தட்டில் வெட்டப்படும். பிறகு உட்கார்ந்து இதைக் கூட்டு, அதைக் குறை என்பதெல்லாம் கிடையாது. பேஸ் டிரம் பலமாக விழுந்தால் தட்டின் பள்ளம் கெட்டுவிடும். ஆகவே டிரம்மரைக் கடைசியில் உட்காரவைத்து, அடக்கி வாசிக்கச் சொல்வார்கள். சவாயில் கட்டடத்தை அதிரவைத்தவர் ஒலிப்பதிவு அறையில் விருந்தாளி வீட்டுக் குழந்தைபோல் அடங்கி உட்கார்ந்தார்.

இன்னொன்று, நீங்கள் எதில் கேட்டீர்கள்? கைப்பேசியிலா? அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் பேஸ் டிரம் வரவே வராது. அங்கேயே பாதி வெப் காணாமல் போய்விடுகிறார். நல்ல ஹெட்ஃபோன் போட்டு, இந்த வரிசையில் கேளுங்கள்: 1937 நவம்பரில் பதிவான 'ஹார்லெம் காங்கோ', அதே ஆண்டின் 'கிளாப் ஹாண்ட்ஸ்! ஹியர் கம்ஸ் சார்லி', 1938-இன் 'லைசா'. இவற்றில் தனி ஆவர்த்தனம்போல் அவருக்கு இடம் விட்டிருக்கிறார்கள். பிறகு 'லிட்டில் சிக்ஸ்' என்ற பெயரில் ஐந்தாறு பேரை மட்டும் வைத்து வாசித்தவை. வேமன் கார்வர் புல்லாங்குழல் வாசிப்பார். பித்தளை வாத்தியங்களின் கூச்சல் இல்லாததால் டிரம்மரின் கை நன்றாகத் தெரியும்.

இன்னும் ஒன்று மறந்துவிட்டேன். அவருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. ஒத்திகையில் நின்று ஒவ்வொரு வாத்தியத்தின் பங்கையும் காதாலேயே மனப்பாடம் செய்துகொள்வார். யாராவது ஒருவர் ஒரு சுரம் தப்பினாலும் அந்த இடத்தைப் பாடிக் காட்டுவாராம். குழுவை முன்னால் நின்று கையசைத்து நடத்தியவர் வேறு ஒருவர். உண்மையான சைகை பின்னாலிருந்து டிரம்ஸில் வந்துகொண்டிருந்தது.

குறுக்குக் கேள்வி:

பெடல் அண்ணனின் பதிவுக்கு முதல் வணக்கம் என்னுடையது. ஆனாலும் பெயருக்கேற்ப நடந்துகொள்கிறேன்.

சங்கரி, "க்ரூப்பாவைத் தோற்கடித்தார்" என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 1937 மே 11, செவ்வாய்க்கிழமை. குட்மன் அப்போது அமெரிக்காவின் ஸ்விங் ராஜா. தன் குழுவோடு வெப்பின் வீடான சவாய்க்கு வந்தார். உள்ளே சுமார் 4,000 பேர், இடமில்லாமல் வெளியே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 5,000 பேர் என்பது அன்றைய கணக்கு. அந்த இரவுக்கு ஒலிப்பதிவு கிடையாது. மதிப்பெண் பலகையும் கிடையாது. நமக்குக் கிடைத்திருப்பது அங்கே இருந்தவர்களின் வாய்மொழி. ஆனால் அந்த வாய்மொழி தோற்ற பக்கத்திலிருந்தும் வருகிறது என்பதுதான் விஷயம்: க்ரூப்பாவே எழுந்து நின்று வெப்புக்குத் தலைவணங்கினார், தன்னை வென்றவர் தன்னைவிடப் பெரியவர் என்பதைப் பின்னாளிலும் ஒளிக்காமல் சொன்னார். நான் குறை சொல்கிறவன்தான், ஆனால் தோற்றவன் கொடுக்கும் சாட்சியை மறுக்க என்னாலும் முடியவில்லை.

மற்ற போட்டிகளையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். அதே 1937-இல், இரண்டு மாதம் முன்னால், எலிங்டன் வந்தபோது வெப் குழு தோற்றது என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். 1938 ஜனவரி 16-இல் கவுன்ட் பேஸி வந்தார். அன்று மாலைதான் குட்மன் கார்னகி ஹாலில் தன் பெயர்பெற்ற கச்சேரியை நடத்தினார். அது முடிந்து வாத்தியக்காரர்கள் பலர் நேரே சவாய்க்கு ஓடிவந்தார்கள். வெப் வென்றார் என்றும் பேஸி வென்றார் என்றும் அப்போதே இரண்டு விதமாக எழுதினார்கள். பேஸியின் டிரம்மர் ஜோ ஜோன்ஸ் எதிர்மேடையில் உட்கார்ந்திருக்க வேறு எப்படி இருக்கும்?

பிறந்த ஆண்டு: பழைய புத்தகங்கள் பலவற்றில் 1909. இன்று பெரும்பாலோர் ஏற்பது 1905. அதன்படி இறக்கும்போது வயது முப்பத்து நான்கு.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருவது வேறு ஒரு இடத்தில். நீங்கள் கேட்ட 'ஸ்டாம்பிங் அட் தி சவாய்' எட்கர் சாம்ப்சன் எழுதியது. வெப் குழுவின் சாக்ஸபோன்காரர், இசையமைப்பாளர். 'டோன்ட் பி தட் வே' பாட்டும் அவருடையதே. இரண்டையும் வெப் குழு 1934-லேயே பதிவு செய்துவிட்டது. நாடு முழுக்க ஒலித்தது பின்னால் வந்த குட்மனின் பதிவுகள். குட்மனின் கார்னகி ஹால் கச்சேரி தொடங்கியதே 'டோன்ட் பி தட் வே' பாட்டோடுதான். பாட்டின் உரிமைப் பெயர்களில் குட்மனும் ஒட்டிக்கொண்டிருக்கிறார். திருட்டு என்று சொல்லவில்லை. சாம்ப்சன் அவருக்கும் எழுதிக் கொடுத்தார், அந்த வியாபாரத்தில் அதுதான் வழக்கம். ஆனால் வானொலியும் பெரிய ஹோட்டல்களும் யாருக்குத் திறந்திருந்தன, யாருக்குப் பாதி மட்டும் திறந்திருந்தன என்பதைத் தோலின் நிறத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. "சவாயில் வெப் வென்றார்" என்று கொண்டாடும்போது, மறுநாள் காலை யாருடைய இசைத்தட்டு அதிகம் விற்றது என்றும் கேட்க வேண்டும்.

ஆடுகால்:

இங்கே எல்லோரும் மேடையைப் பார்த்தபடியே பேசுகிறீர்கள். நான் தளத்திலிருந்து பேசுகிறேன்.

ஸ்விங் இசைக்கு ஜோடியாக ஆடும் லிண்டி ஹாப் நடனம் கற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நியூயார்க்கில் வேலையாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை லெனாக்ஸ் அவென்யூவில் 140-ஆவது தெருவுக்கும் 141-ஆவது தெருவுக்கும் நடுவில் போய் நின்றேன். சவாய் 1926 மார்ச்சில் திறந்து 1958-இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. 2002-இல் வைத்த நினைவுப் பலகை ஒன்றுதான் மிச்சம். ஒரு கைப்பையோடு போன பாட்டி, நான் பலகை முன்னால் காலை ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

தெரு முனையிலிருந்து தெரு முனை வரை நீளும் அரங்கம் அது. வெள்ளையர், கறுப்பர் என்று பிரிக்காமல் ஒரே தளத்தில் ஆடவிட்ட இடம். அந்தக் காலத்து அமெரிக்காவில் அது எவ்வளவு அபூர்வம் என்று சொல்ல வேண்டியதில்லை. மேடைக்கு அருகில் ஒரு மூலை, கைதேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு. சிக் வெப்பின் கண் எப்போதும் அந்த மூலையில்தான் இருக்குமாம்.

சவாய் ஆட்டக்காரர் ஃப்ராங்கி மேனிங் 1935-இல் ஒரு போட்டியில் தன் ஜோடி ஃப்ரீடா வாஷிங்டனைத் தன் முதுகின் மேலாகத் தூக்கிப் புரட்டி முன்னால் இறக்கினார். லிண்டி ஹாப்பில் ஆளை ஆகாயத்தில் தூக்கும் அடிகளுக்கு அதுதான் தொடக்கம். அன்று வாசித்தது வெப் குழு; பாட்டு 'டவுன் சவுத் கேம்ப் மீட்டிங்'. இதை மேனிங் சொல்லும்போது நான் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம்: தான் உதைத்த உதையையும் திரும்பிய திருப்பத்தையும் குழு கூடவே பிடித்தது என்கிறார். அந்த அடி குழுவோடு ஒத்திகை பார்க்காதது, அதற்கு முன் உலகத்தில் யாரும் பார்க்காதது. அவள் கால் தரையைத் தொடும் இடத்தில் டிரம்ஸ் விழுகிறது என்றால், டிரம்மர் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

பரதநாட்டியக் கச்சேரியில் மிருதங்கக்காரர் எங்கே பார்ப்பார் என்று யோசித்துப் பாருங்கள், சங்கரி. பாடகரை அல்ல, காலைத்தான்.

ஆகவே நீங்கள் கேட்டது பாதி வாசிப்பு. மறுபாதி தளத்தில் இருந்தது. அடுத்த முறை உட்கார்ந்து கேட்காதீர்கள். எழுந்து நின்று, இரண்டு முட்டியையும் கொஞ்சம் மடக்கி, நாலு அடிக்கும் உடம்பைத் தரையை நோக்கி விடுங்கள். பேஸ் டிரம் காதில் விழாவிட்டாலும் பாதத்தில் தெரியும்.

ஸ்நேர் சங்கரி:

மூன்று பேருக்கும் நன்றி. பெரிய ஹெட்ஃபோன் ஒன்றைத் தம்பியிடமிருந்து பிடுங்கி நேற்று இரவு கேட்டேன். கதவைத் தாழிட்டு, ஆடுகால் சொன்னபடி நின்றுகொண்டே.

'ஹார்லெம் காங்கோ' எனக்கு உறக்கத்தைக் கெடுத்துவிட்டது. அவர் தனியாக வாசிக்கும் இடத்தை நாலு முறை திரும்பத் திரும்பப் போட்டேன். நான் எதிர்பார்த்தது க்ரூப்பா மாதிரி டாம்-டாமில் முழக்கம். இவர் பெரும்பாலும் ஸ்நேரிலேயே இருக்கிறார்! அடி அடியாகப் பேசுகிறார். ஒரு வாக்கியத்தை முடித்ததும் மரச்சட்டத்தில் ஒரு வெட்டு. அடுத்த வாக்கியம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. குழு திரும்பி உள்ளே வரும்போது எங்கே ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் தனி வாசிப்பு முடியும்போது எனக்கே அந்தச் சந்தேகம் வரும்.

அதன்பின் 'ஸ்டாம்பிங் அட் தி சவாய்' மறுபடி கேட்டேன். பாய் உதறும் சத்தம் இன்னும் பாய் உதறும் சத்தம்தான். ஆனால் டிரம்பெட்டுகள் வெட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மயிரிழை முன்னால் ஏதோ ஒன்று அவர்களைத் தூக்கிக் கொடுக்கிறது. அது தெரிந்தபின் தெரியாததுபோல் கேட்க முடியவில்லை.

இன்னொரு கேள்வி. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு விஷயம். இவ்வளவு பெரிய டிரம்மர், கடைசி ஆண்டுகளில் ஒரு பாடகிக்குப் பக்கவாத்தியம் ஆகிவிட்டாரே, அது அவருக்கு நஷ்டம் இல்லையா? எல்லாவை வெப் தத்தெடுத்தார் என்று வேறு படித்தேன்.

குறுக்குக் கேள்வி:

தத்தெடுத்தது கட்டுக்கதை. சட்டப்படி அப்படி எதுவும் நடக்கவில்லை. பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார் என்பது வரை சரி. மீதியைப் பெடல் அண்ணன் சொல்லட்டும்.

பழைய பெடல்:

சங்கரி அம்மா, ஸ்நேரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் எழுந்து போய் அதையே போட்டேன். மனைவி, "இரவு பதினொன்றுக்கு என்ன இது?" என்றாள். ஹார்லெம் என்றேன்.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1934 நவம்பரில் அப்போலோ அரங்கின் அமெச்சூர் போட்டியில் வென்ற பெண். வயது பதினேழு. தாய் இல்லை, வீடு என்று சொல்லிக்கொள்ள இடமில்லை, உடுப்பும் சரியில்லை. வெப்பிடம் கொண்டுபோய் நிறுத்தியபோது அவர் முதலில் தயங்கினார். யேல் பல்கலைக்கழகத்து நடன இரவு ஒன்றில் பாடவைத்துப் பார்ப்போம், மாணவர்களுக்குப் பிடித்தால் வைத்துக்கொள்வோம் என்றார். பிடித்தது. 1935-இலிருந்து அவர் குழுவோடு.

நஷ்டமா என்று கேட்டால், ஜாஸ் பித்தர்கள் அன்றைக்கே அப்படிப் புலம்பினார்கள். முழு வாத்திய இசை குறைந்து, பாட்டு கூடிவிட்டது என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. சம்பளம் கொடுக்க வேண்டியவருக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும். 1938 மே 2-இல் டெக்கா நிறுவனத்துக்குப் பதிவான 'எ-டிஸ்கெட், எ-டாஸ்கெட்' ஒரு குழந்தைப் பாட்டிலிருந்து வந்தது. எண்ணம் எல்லாவுடையது, வாத்தியங்களுக்கு எழுதியவர் வான் அலெக்சாண்டர். நாட்டிலேயே முதலிடத்துக்குப் போயிற்று. பட்டினிக் காலத்தைப் பார்த்த குழுத்தலைவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதே குழுவிலிருந்த லூயி ஜோர்டன் தனிக்குழு தொடங்க எல்லாவையும் வேறு சிலரையும் இழுக்கப் பார்த்தார் என்று வெப் அவரை வெளியே அனுப்பினார். வாசல் காவலும் அவரேதான்.

பக்கவாத்தியம் என்று சொன்னீர்கள். நானும் முப்பத்தொரு ஆண்டு அதுதான். அந்தப் பாட்டையே ஹெட்ஃபோனில் மறுபடி கேளுங்கள். கூடை எங்கே, கூடை எங்கே என்று அந்தப் பெண் பாட, குழு பதில் சொல்லும் இடம் வரும். பாடும்போது வெப் எங்கே இருக்கிறார், பதில் வரும்போது எங்கே எழும்புகிறார் என்று மட்டும் கவனியுங்கள். பதினேழில் வந்த பெண் அவர் கையில் ஓடி விளையாடக் கற்றுக்கொண்டாள். பின்னாளில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு சொற்களை விட்டுவிட்டு ஒலிகளால் மட்டும் பாடியபோது அந்தக் காலப்பிரமாணம் வானத்திலிருந்து விழவில்லை.

இந்த நேரமெல்லாம் வெப்புக்கு உடம்பு முடியவில்லை. வலியை வெளியே காட்டிக்கொள்ளாமல் வாசித்து, முடிந்ததும் மேடைக்குப் பின்னால் மயங்கி விழுந்த இரவுகள் உண்டு. மருத்துவமனைக்குப் போவார், வருவார், மறுபடி பஸ் ஏறுவார். அவர் நின்றுவிட்டால் குழுவில் அத்தனை பேருக்கும் வேலை நின்றுவிடும். 1939 ஜூனில் வாஷிங்டன் பக்கம் ஆற்றுப் படகு ஒன்றில் வாசிப்பு. அங்கிருந்து பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. ஜூன் 16-இல் இறந்தார். தொடங்கியதும் படகில், கடைசி மேடையும் படகில். அடக்கத்தில் எல்லா 'மை படி' பாடினார். குழு எல்லாவின் பெயரில் சில ஆண்டுகள் ஓடி, பிறகு கலைந்தது.

வெப் பிறந்த ஊரில் 1947-இல் அவர் பெயரில் சிறுவர்களுக்கான ஒரு விளையாட்டு மையம் திறந்தார்கள். சிலை வைப்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி உங்கள் விஷயம். ஸ்நேரிலேயே பேசுகிறார் என்று கண்டுபிடித்தீர்கள் அல்லவா? அது கையால் மட்டும் வருவதல்ல. அடியில் பேஸ் டிரம் நாலு அடியும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தால்தான் மேலே ஸ்நேர் வாக்கியம் பேச முடியும். நீங்கள் தனி வாசிப்பு தொடங்கியதும் காலை நிறுத்திவிடுகிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். கற்றுக்கொள்கிற எல்லோரும் செய்வது. ஒரு வாரம், ஸ்நேரைத் தவிர எதையும் தொடாமல், காலை நிறுத்தாமல் வாசித்துப் பாருங்கள். காது கேட்கும் அளவுக்குக்கூட வேண்டாம், தோலை வருடினால் போதும்.

ஸ்நேர் சங்கரி:

கண்டுபிடித்துவிட்டீர்கள் ஐயா. நிறுத்திவிடுகிறேன். இன்று காலை முயன்றேன். பதினாறாவது அடியில் கால் இழுத்துக்கொண்டது. அதோடு பேஸ் டிரம்மும் வழுக்கிக்கொண்டு சுவர்வரை போய்விட்டது. வீட்டில் மொசைக் தரை.

பழைய பெடல்:

அடியில் பழைய சாக்கு ஒன்றை மடித்துப் போடுங்கள். அதற்கும் நகர்ந்தால் கயிறு. ஆசனத்தின் முன்காலில் கட்ட வேண்டும், பின்காலில் அல்ல. நான் பின்காலில் கட்டித்தான் இரண்டாவது முறை விழுந்தேன். உங்கள் உயரத்தையும் ஆசனத்தின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள், பார்க்கிறேன்.